கதவு திறக்கும் முன்னே

— எல்லா பட்டனையும் அமுக்காதேம்மா, அது ஹார்மோனியம் இல்ல. மணி பட்டன் ஒண்ணு போதும்.

— அஞ்சு தடவை அமுக்கிட்டேன் ஐயா. ஒருத்தரும் வரலை. லிஃப்ட் இப்படி நடுவுல நின்னுடுச்சே, கீழே விழுந்துடாதுல்ல?

— விழாது. கேட்டுக்கோ, மேலே நாலு கயிறு இருக்கு. நாலும் அறுந்தாலும் கவ்விப் பிடிக்க அடியில இரும்புப் பிடி இருக்கு. முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பண்ணினவன் சொல்றேன். ஸ்ட்ரெச்சர்ல மல்லாந்து கிடக்கிறானேன்னு லேசா நினைச்சுடாதே.

— நீங்க லிஃப்ட் மெக்கானிக்கா ஐயா?

— ஆமா. வந்து சேர்ந்த நாள்லேருந்து இந்த லிஃப்ட் முனகுறதைக் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். சொன்னா யாரு கேக்குறா? வயித்துல கட்டின்னு என்னைப் படுக்க வெச்சவங்க, இதை ஓட விட்டுட்டாங்க. சரி, நீ ஏன் நர்ஸம்மா இப்படி நடுங்குற? ஸ்ட்ரெச்சர் கம்பியே கடகடங்குது.

— அதில்ல ஐயா, நான் வந்து...

— புரியுது, புரியுது. தள்ளிட்டு வந்த ஆயா ஸ்கேன் படத்தை மறந்துட்டு எடுக்க ஓடிச்சு, நீ பாவம் உள்ளே வந்து மாட்டிக்கிட்ட. என் கண்ணாடியை வாங்கி வெச்சுட்டாங்க, நீயோ மாஸ்க் போட்டிருக்க. யாருன்னும் தெரியல, சின்ன வயசுக் குரல்னு மட்டும் தெரியுது.

— எனக்கு அடைச்ச இடம்னாலே மூச்சு முட்டும் ஐயா. ஆறு மாடியும் படியிலதான் ஏறுவேன். இன்னிக்கு உங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசலாம்னு ஏறினேன். ஜெபம் பண்ணலாம்னு பார்த்தா, ஞாயிறு பள்ளியில மனப்பாடம் பண்ணின வசனம் ஒண்ணுகூட வாயில வர மாட்டேங்குது.

— அட, நம்ம சபைப் பொண்ணா? வசனம் மறந்தா மறந்துட்டுப் போகுது. அவர் உன்னை மறக்கலையே.

— அப்படித்தான் எல்லாரும் சொல்றாங்க. பயம் போகலையே ஐயா.

— கேட்டுக்கோ. லிஃப்ட்ல யாராவது மாட்டிக்கிட்டா நாங்க முதல்ல என்ன செய்வோம் தெரியுமா?

— கதவைத் திறப்பீங்க.

— கிடையாது. ஸ்பேனரைத் தொடுறதுக்கு முன்னாடி கதவுகிட்ட குனிஞ்சு, நான் வந்துட்டேன், இங்கதான் இருக்கேன்னு சொல்லணும். எங்க மேஸ்திரி போட்ட சட்டம். அதைச் சொல்லாம வேலையைத் தொட்டா கையிலயே ஒண்ணு போடுவார். ஒரு தடவை கதவு திறக்க ஒண்ணரை மணி நேரம் ஆச்சு. மொதல்ல உள்ளே இருந்த மனுஷன் ஊரையே கூட்டுற மாதிரி கத்தினார். நான் பேசப் பேச அடங்கினார். கடைசியில பார்த்தா உள்ளேயிருந்து குறட்டைச் சத்தம்.

— மாட்டிக்கிட்ட இடத்துலயா?

— ஆமாங்கிறேன். திறந்து எழுப்பினா, அதுக்குள்ளயான்னு கோவிச்சுக்கிட்டார். சிரிக்கிறியா? சிரி, நல்லது. நேத்து எனக்கும் அதே கதைதான். ஆண்டவரே, கட்டியைக் கரைச்சுடும்னு மன்றாடினேன். கரையல. ஆனா ஒரு நேரத்துல, அவர் பக்கத்துலதான் இருக்கார்னு மனசுக்கு அவ்வளவு நிச்சயமாத் தெரிஞ்சுது. கதவு திறக்கலம்மா, ஆனாலும் தூங்கிட்டேன்.

— அப்போ உங்களுக்கு இப்போ பயமே இல்லையா ஐயா?

— பொய் சொல்ல மாட்டேன், காலையில திரும்பி வந்துடுச்சு. பெரிய டாக்டருக்குக் காய்ச்சலாம். அவரை நம்பித்தான் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டேன். இப்போ யாரோ புது டாக்டராம். எனக்குச் சப்புன்னு ஆயிடுச்சு.

— வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே. இப்பவும் சொல்லலாம் ஐயா. யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க.

— சொல்லலாம்னுதான் வாயைத் திறந்தேன். அப்புறம் தோணுச்சு, அந்தப் புது டாக்டருக்கு எப்படி இருக்கும்? அந்த ஜீவனுக்கும் ஒரு வாய் சாப்பாடு இறங்கியிருக்காது. உன் கையைக் கொடு. அடேயப்பா, என்ன இப்படிச் சில்லுன்னு இருக்கு. கண்ணை மூடிக்கோ. ஆண்டவரே, அந்த டாக்டர் யாரோ, எனக்குத் தெரியாது, உமக்குத் தெரியும். என்னைவிட அவங்களுக்குத்தான் இன்னிக்கு நீர் வேணும். அவங்க பக்கத்துலயே நில்லும், அந்தக் கையைப் பிடிச்சுக்கும். ஆமென்.

— ஆமென்.

— என்னம்மா, அழறியா?

— அதில்ல ஐயா.

— ஹலோ, லிஃப்டுக்குள்ளே இருக்கிறவங்க பயப்படாதீங்க. நான் வந்துட்டேன். மோட்டார் ரூமுக்கு ஆள் போயிருக்கு. நான் இங்கயேதான் நிக்கிறேன்.

— கேட்டியா, வெளியே நிக்கிறவன் நல்ல மேஸ்திரிகிட்ட வேலை கத்துக்கிட்டவன். கதவு இன்னும் ஒரு அங்குலம்கூட நகரல. ஆனா உன் கையைப் பாரு, நடுக்கம் நின்னுடுச்சு.

— ஆமா ஐயா, நின்னுடுச்சு. இப்போ சொல்லிடறேன், அப்புறமும் நீங்க வேண்டாம்னா வேண்டாம். நீங்க பிடிச்சு ஜெபம் பண்ணினீங்களே இந்தக் கை, இதுதான் இன்னிக்கு உங்களுக்கு ஆபரேஷன் பண்ணப்போகுது.