சீட்சேவுக்கு முன்கூட்டியே எழுதிய கவிதை

கவிதை வாசிப்புக் கூட்டங்களில் தரப்படும் காபி வாயில் வைக்க விளங்காது. அடக்கத்துக்குப் பின் இடுகாட்டில் தரும் காபியோ நன்றாக இருக்கும். அதிகாரி அவர்களே, இது என் பல்லாண்டு அனுபவம்.

நெதர்லாந்தில், எங்கள் க்ரோனிங்கன் நகரில், உற்றார் எவருமின்றி இறப்பவரை நகராட்சி அடக்கம் செய்யும்போது, கவிஞர் ஒருவர் அவருக்கென எழுதிய கவிதையைச் சவப்பெட்டியருகே வாசிப்பார். மறுநாள் அது நாளிதழில் வெளியாகும். உறவினர் வந்துவிட்டால், கவிஞர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, காபி மட்டும் அருந்திவிட்டுத் திரும்புவார். என் நூல்கள் விற்பதில்லை. புத்தகக் கடையில் நான் வாசிக்கையில் முன்வரிசைக்காரர் தம் நாயைத் தடவிக்கொண்டிருப்பார். ஆனால் இறந்தோருக்கு நான் எழுதியவற்றை மக்கள் கத்தரித்துச் சமையலறையில் ஒட்டிவைத்தார்கள். சென்ற ஆண்டோ, ஒருமுறை இறந்தவரின் அண்ணன் மகனும், மறுமுறை விவாகரத்தான மனைவியும் கடைசி நேரத்தில் வந்து நின்றார்கள். இரண்டு நல்ல கவிதைகள் என் பையிலேயே கசங்கின.

என் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் சீட்சே வசித்தார். ஓய்வுபெற்ற சரக்குப் படகோட்டி, தனியர்.

"கவிஞரே, நான் செத்தா எனக்கும் வாசிப்பீங்கல்ல?"

"வாசிக்காம இருப்பேனா?"

"பூ, நிலான்னு ஆரம்பிச்சீங்க, பெட்டியை விட்டு எந்திரிச்சு வந்துருவேன்."

அன்றே எழுதத் தொடங்கினேன். குளிர்காலம் முழுவதும் திருத்தினேன். அவருடைய இருமல்கூட அதில் இடம்பெற்றது. என் வாழ்நாளின் சிறந்த கவிதை அதுவே.

பிப்ரவரியில் அவர் கேக்குடன் மாடியேறி வந்தார்.

"என் மக என்னைக் கண்டுபிடிச்சுட்டாய்யா. அவ அம்மா பேர்ல வளர்ந்தவ, எந்தப் பதிவுலயும் என் பேர் கிடையாது. ஈஸ்டருக்கு வர்றா. இனிமே உங்க கவிதைக்கு வேலையில்ல, போங்க."

வாழ்த்தினேன். கேக் சுவையாக இருந்தது.

மறுவாரம் அவர் துடைப்பக் கட்டையால் தம் கூரையைத் தட்டினார். இறங்கிச் சென்றேன். மார்பைப் பிடித்தபடி படுத்திருந்தார்.

"ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க."

நடைகூடத்துக்குச் சென்று, தொலைபேசியருகே சற்று நின்று, திரும்பினேன்.

"கூப்பிட்டாச்சு. வந்துட்டிருக்காங்க."

"எங்கய்யா, ஆளையே காணோம்?"

"ஏதாவது படகு போக, கால்வாய்ப் பாலத்தைத் தூக்கியிருப்பாங்க."

படகோட்டியாதலால் அவர் அதை உடனே நம்பினார். "எவனோ நம்ம ஆளுதான்," என்று சிரித்தார். அதன்பின் பேசவில்லை.

உறவினர் உண்டா என நகராட்சி அலுவலர் கேட்டபோது, இல்லை என்றேன். கவிதையை வாசித்தேன். பெட்டி சுமந்தவர்களுள் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஈஸ்டரன்று மகள் ஹில்கே வந்தார். அவரை அமரவைத்து, செய்தியைச் சொல்லி, கவிதை வந்த நாளிதழைக் கொடுத்தேன்.

"அப்பாவை நேர்ல பார்த்த மாதிரியே இருக்குங்க," என்று அழுதார். "தனியா போனாருங்கிற வரிதான் தாங்க முடியல. பக்கத்துல யாருமே இல்லாமலா போனாரு?"

அவரைத் தேற்றுவதற்காகவே உண்மையைச் சொன்னேன்: கடைசிவரை நான் பக்கத்திலேயே அமர்ந்திருந்தேன், பாலத்தைப் பற்றிக்கூட அவர் சிரித்துப் பேசினார்.

"அப்ப, ஆம்புலன்ஸ் எப்பங்க வந்துச்சு?" என்று கேட்டார். பிறகு தேநீரை அருந்தாமலே காவல் நிலையத்துக்கு, உங்களிடம் வந்துவிட்டார்.

அவ்வரி பிழையானது, அதை ஒப்புக்கொள்கிறேன். நூலில் சேர்க்கும்போது திருத்திவிடுவேன்.