யூனுஸ் பாயின் வெள்ளிக்கிழமை வண்டிகள்

மேடையில் வீற்றிருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் நீலாம்பாள் அவர்களே, ஜமாஅத் பெரியோர்களே, டெல்டா பழைய மோட்டார் சைக்கிள் நண்பர்கள் மன்றத்துத் தோழர்களே, நாற்காலி கிடைக்காமல் வாசலில் தங்கள் வண்டிகளின் மேலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் அன்பர்களே! மன்றச் செயலாளர் என்ற முறையில் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தியவன் கையில் மைக்கைக் கொடுத்தது உங்கள் பிழை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் மன்றத்தின் நிறுவனர், முத்துப்பேட்டையின் செல்லப்பிள்ளை, மர்ஹூம் யூனுஸ் பாய் நம்மைவிட்டுப் போய்விட்டார். எனக்குத் துக்கம்தான், மறைக்கவில்லை. ஆனால் அந்த மனிதரை நினைத்தால் சிரிப்பும் சேர்ந்தே வருகிறதே, நான் என்ன செய்ய?

குவைத்தில் சண்டை மூண்டபோது உடுத்திய துணியோடு ஊர் திரும்பியவர் அவர். வந்து தன் வீட்டுக் கொல்லையில் ஒரு கொட்டகை போட்டு மெக்கானிக் ஆனார். அடுத்தடுத்த வருடங்களில் என்ன நடந்தது? நாடு கதவைத் திறந்தது! தெருவுக்குத் தெரு எஸ்.டி.டி. பூத் வந்தது, ஏஜெண்டு வந்தான், வீட்டுக்கு ஒருவர் சவூதி, துபாய், சிங்கப்பூர் என்று கிளம்பினார். கிளம்பியவர்கள் ஆசை ஆசையாய் வாங்கிய யமஹாவையும் சுசுகியையும் கவாசாகியையும் எங்கே விட்டார்கள்? யூனுஸ் பாய் கொட்டகையில் விட்டார்கள்!

"பாய், வர்ற வரைக்கும் பாத்துக்கங்க" என்பார்கள். "எப்ப வேணா வாங்க, மொத உதையில கிளம்பும்" என்பார் இவர். பேச்சு அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்காக வெள்ளிக்கிழமைதோறும் ஜும்மா தொழுகை முடிந்ததும் கொட்டகையில் உள்ள அத்தனை வண்டிகளையும் உதைத்துக் கிளப்புவார். டூ-ஸ்ட்ரோக் வண்டி சும்மா நின்றால் கார்புரேட்டரில் பெட்ரோல் பிசினாகிவிடும். நம் ஊர் உப்புக்காற்றோ சைலன்சரைத் தின்றுவிடும். ஆகவே குரோமியத்துக்கெல்லாம் தேங்காய் எண்ணெய் பூசித் துடைப்பார். வீட்டில் ஹமீதா பானு அம்மையார், "தலைக்குத் தேய்க்க எண்ணெய் இல்ல, சைலன்சர் மட்டும் மினுமினுக்குது!" என்று சத்தம் போடுவார்.

போனவர்கள் உடனே திரும்பினார்களா? தங்கைக்குக் கல்யாணம் முடியட்டும், வீட்டுக்குத் தளம் போடட்டும் என்று தள்ளிக்கொண்டே போனார்கள். கம்பெனி அந்த மாடலையே நிறுத்திவிட்டது. ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்கவில்லை. விட்டாரா யூனுஸ் பாய்? திருச்சிப் பழைய இரும்புக்கடைகளில் புரண்டு எடுத்தார், கிடைக்காததை லேத் பட்டறையில் கடைந்தார். நாம் காசு கொடுத்துப் பழைய வண்டி தேடியவர்கள். அவரிடமோ புது வண்டிகள் காத்திருந்தே பழசாயின!

நீலாம்பாள் அவர்களின் கதையைச் சொல்லாமல் எப்படி விடுவேன்? கணவர் முருகையன் தன் வண்டியைப் பாயிடம் விட்டுவிட்டுச் சிங்கப்பூரில் இருந்தபோது இவர் ஒரு வெள்ளிக்கிழமை கொட்டகைக்கு வந்தார். "வாரா வாரம் இது சும்மா நின்னு உறுமுதே அண்ணே. நான் ஓட்டிக்கிட்டு வயலுக்குப் போறேனே" என்றார். "சாவி ஒங்க வீட்டுக்காரர் குடுத்தது தங்கச்சி, அவர ஒரு வார்த்த கேட்டுக்கறேன்" என்று பாய் பூத்துக்குப் போய்ப் பேசினார். "ஓட்டட்டும் பாய். டேங்குல ஒரு கீறல் விழக்கூடாது" என்று பதில் வந்தது. பாய்தான் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். முதல் நாளே மதகுச் சுவரில் போய் மோதியது வண்டி. டேங்க் நசுங்கி, பெயின்ட் உரிந்து, தலைவர் அவர்கள் வாய்க்காலில்! முருகையன் ஊர் வருவதற்குள் பாய் நசுங்கலை எடுத்து, அதே நிறம் கலந்து அடித்துவிட்டார். முன்வரிசையில் இருக்கும் முருகையன் அவர்களே, இன்றுதான் உங்களுக்கு விஷயம் தெரிகிறது என்று நினைக்கிறேன். வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளுங்கள்!

அவர் தவறே செய்யாதவரா? செய்தார்! ஓர் ஐப்பசி வெள்ளத்தில் கொட்டகைக்குள் தண்ணீர் வந்தபோது என்ஜின்களைக் கழற்றிப் பரணில் ஏற்றினார். தண்ணீர் வடிந்து பூட்டும்போது, இரண்டு நீலச் சுசுகிகளுக்கு என்ஜின் மாறிப்போனது. திருக்காட்டுப்பள்ளி ரெங்கசாமி ஊர் திரும்பித் தன் வண்டியை ஓட்டிப் போனார். பதிவைப் புதுப்பிக்கப் போன இடத்தில் என்ஜின் நம்பர் பொருந்தவில்லை. பாய் பதறிப்போய், மற்ற சுசுகியின் சொந்தக்காரரான, சவூதியில் தம்மாமில் இருந்த ஜாஃபர் சாதிக்குக்குப் போன் போட்டு, "தம்பி, மன்னிச்சுக்கங்க, ஒங்க என்ஜின் காவேரிக்கரையில ஓடிக்கிட்டு இருக்கு" என்றார். "ஓடுதுல்ல பாய்? நான் வர்ற வரைக்கும் ஓடட்டும்" என்றாராம் அவர்! பாய் கேட்கவில்லை, அன்றே மாற்றிக் கொடுத்தார். ரெங்கசாமி இன்றுவரை, "அந்த என்ஜினே தேவலை" என்று குறை சொல்கிறார்.

அன்பர்களே, இப்போது கொட்டகையில் இன்னும் சில வண்டிகள் நிற்கின்றன. அவற்றின் சொந்தக்காரர்களில் சிலர் போன இடத்திலேயே குடியேறிவிட்டார்கள். சிலர் எங்கே என்றே தெரியவில்லை. சென்னையிலிருந்து ஒருவர் வந்து எல்லாவற்றையும் மொத்தமாக விலைக்குக் கேட்டிருக்கிறார். நேற்று பாயின் மகன் ஃபாஜிலைப் பார்க்கப் போனேன். என்னிடம் படித்த பையன். "நான் அடுத்த வாரம் ஷார்ஜா போயாகணும் சார். அம்மா தனியா இருப்பாங்க. வண்டியெல்லாம் யாரு பாத்துக்குவா? குடுத்துடலாம்னு இருக்கேன்" என்றான். அவன் சொன்னதில் என்ன தப்பு? போன வெள்ளிக்கிழமை அந்தக் கொட்டகையில் ஒரு வண்டிகூட உறுமவில்லை. நாம் எல்லோரும் துக்கத்தில் இருந்தோம்.

கணவர் மறைவுக்காக வீட்டோடு இத்தாவில் இருக்கும் ஹமீதா பானு அம்மையார் உள்ளிருந்து குரல் கொடுத்தார். "அடுத்தவங்க வண்டிய விக்க நாம யாரு? சொந்தக்காரன் வந்து நின்னா நான் என்ன சொல்றது? சாவியெல்லாம் என்கிட்ட இருக்கு. பெட்ரோலு இவன் வாங்கிப் போடட்டும். உதைக்கத்தான் எனக்கு முட்டி ஒத்துவரல. கூட்டம் போட்டு நாளைக்குப் பேசப்போறீங்களாமே அண்ணே? பேசி முடிச்சிட்டு நாலு நல்ல காலாப் பாத்து அனுப்பி வைங்க."

ஃபாஜில் எழுந்து பெட்ரோல் வாங்கப் போனான்.

தோழர்களே! இந்த இடத்தில் கை உயர்த்தி உறுதி எடுப்பது வழக்கம். கையை உயர்த்தி இதுவரை எந்த வண்டி கிளம்பியிருக்கிறது? இன்று வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்துவிட்டது. பாய் வீட்டுக் கொல்லைப்பக்கம் கதவு திறந்திருக்கிறது. என் பேச்சு போதும், எல்லோரும் எழுந்திருங்கள்!