தடை மாதத்தில் கேட்ட ஓர் அடி

என் பெயர் ஷோர்மே லாம்ப்டே. வயது முப்பத்தொன்று. வணிகவியல் பட்டதாரி. கணவர் எலிக்கெம் கப்பல் வேலையில் இருப்பதால் ஊரில் இல்லை. அக்ராவுக்குக் கிழக்கே கடற்கரைச் சாலையில், பெரிய கால்வாயை ஒட்டிய நீல கேட் வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். தடை மாதத்தில் மேளம் அடித்ததாக ஓக்கோ என்பவரைக் காவலில் வைத்திருக்கிறார்கள். அவருடைய மேளத்தை ஊர்ச்சபை எடுத்துக்கொள்ளப் போவதாகவும் அறிகிறேன். அந்த மேளம் இல்லாமல் அவருக்குப் பிழைப்பு இல்லை. எனவே எனக்குத் தெரிந்ததை, யாருடைய தூண்டுதலும் இன்றி, என் கைப்பட எழுதித் தருகிறேன்.

கடந்த சனிக்கிழமை என் மகள் டெடேயின் ஆறாவது பிறந்தநாள். குழந்தைகள் விருந்துகளில் மேளம் அடித்து ஆட்டம் காட்டும் ஓக்கோவை அதற்கு வரச் சொல்லியிருந்தேன். ஹோமோவோ என்ற அறுவடைத் திருநாளுக்கு முன்பு மேளமும் கூச்சலும் கூடாது என்ற தடை எங்கள் கடற்கரை ஊர்களில் ஊருக்கு ஒரு தேதியில் வரும். நான் பிறந்து வளர்ந்த ஊரில் தடை நீங்கிவிட்ட நினைப்பிலேயே நாள் குறித்துவிட்டேன். அந்த ஊருக்கும் இந்த ஊருக்கும் எல்லை கால்வாய்தான்; நான் இப்போது குடியிருப்பது இந்தப் பக்கம். இங்கே இன்னும் தடை இருக்கிறது என்பது ஓக்கோ மேளத்துடன் வந்து இறங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

"அக்கா, கால்வாய்க்கு அந்தாண்ட அடிச்சா கல்யாணம், இந்தாண்ட அடிச்சா ஜெயிலு. நான் எந்தாண்ட உக்காரட்டும்?" என்று அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழைப்பு எல்லா வீட்டுக்கும் போய்விட்டிருந்தது. டெடே காலையிலிருந்தே புது உடையில் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதன் பிறகு, என் சிறுவயதுப் பிறந்தநாள்களும் தடை மாதத்தில்தான் வந்தன என்பதை ஓக்கோவிடம் சொன்னேன். அப்போது என் அப்பா எங்களை வரிசையாக உட்காரவைத்து, வாழ்த்துப் பாட்டை உதடு மட்டும் அசைத்துப் பாடச் சொல்வார். கையில் ஒன்றுமே இல்லாமல் கிதார் வாசிப்பார், நடுவில் கம்பி அறுந்ததுபோல் முகத்தைச் சுளிப்பார். முதலில் யார் சிரிக்கிறார்களோ அவர்களுக்குக் கேக் கடைசியில்தான். அவ்வளவு நல்ல பாட்டை அதற்குப் பிறகு நான் எங்கும் கேட்டதில்லை. ஓக்கோ கொஞ்ச நேரம் மேளத்தைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "சரி, அப்படியே நடத்திடலாம். கூலியில சத்தத்துக்கு மட்டும் கழிச்சுக்கோங்க" என்றார்.

அதன் பிறகு இருவருமாக முற்றத்தைத் தயார் செய்தோம். ஒலிபெருக்கிக்காரரை வர வேண்டாம் என்று சொன்னேன். வெடித்தால் சத்தம் வரும் என்று பலூன்களை இறக்கிவிட்டு, பழைய உடைகளைக் கிழித்துத் துணித் தோரணம் கட்டினேன். ஓக்கோ சுவர் தன் முதுகுக்குப் பின்னால் வரும்படி இடம் பிடித்தார். குழந்தைகளின் கண்ணில் வெயில் அடிக்காதபடி பாய்களைத் திருப்பிப் போடச் சொன்னார். மொறுமொறுவென்று பொரித்த அச்சோமோ மாவுத் துண்டுகளை நான் தட்டில் கொண்டுவந்ததும், "அத உள்ள வைங்க அக்கா, கடிச்சா ஊர்த் தலைவர் அரண்மனைக்கே கேக்கும்" என்றார். குழந்தைகள் வந்ததும் செருப்பை வாசலிலேயே கழற்றவைத்தோம்.

அதன் பிறகு ஆட்டம் தொடங்கியது. ஓக்கோ மேளத்தின் தோலுக்கு ஒரு விரல் மேலே கைகளை ஓட்டினார். குழந்தைகள் மணலில் சத்தமில்லாமல் ஆடினார்கள். டெடே இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு ஆடினாள்.

அப்போது தடையைக் கண்காணிக்கும் ஊர்ச்சபை ஆட்களில் ஒருவர் கேட்டைத் திறந்து உள்ளே வந்தார். மற்ற இருவர் தெருவில் நின்றனர். வந்தவர் பெயர் அயிட்டே. தந்தை வழியில் இந்த ஊர்க்காரர் என்றாலும் என் அப்பா வீட்டுக்கு அடுத்த வீட்டில் வளர்ந்தவர். எங்கள் வீட்டுப் பிறந்தநாள்களில் வருடம் தவறாமல் முதலில் சிரித்து, கடைசியில் கேக் வாங்கியவர் அவர்தான்.

இடுப்பில் சிவப்புத் துணியும் கழுத்தில் ஓலைநாரும் கையில் கம்புமாக இருந்த அவரை, குழந்தைகள் அடுத்த ஆட்டக்காரர் என்று நினைத்துவிட்டார்கள். டெடே ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து இழுத்து, மேளத்தின் முன் உட்காரவைத்தாள்.

"என்னடி ஷோர்மே, உங்கப்பா விருந்தா?" என்று அவர் என்னிடம் மெல்லக் கேட்டார்.

"ஆமா. இப்பவும் நீதான் மொதல்ல சிரிப்பியா?" என்றேன்.

அவர் கம்பைக் கீழே வைத்தார். ஓக்கோ நகர்ந்து இடம் விட்டு, காற்றில் தாளம் காட்டினார். அயிட்டேயும் காற்றிலேயே வாசித்தார். அவர் கண்கள் மூடியிருந்தன. அதன் பிறகு அவருடைய வலது கை தோலின் மேல் விழுந்தது.

"யார்ரா அடிச்சது?" என்று தெருவில் நின்ற இருவரும் கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். அயிட்டே எழுந்து கம்பைத் தேடினார். மேளக்காரர் என்பதால் ஓக்கோவைப் பிடித்து, மேளத்தையும் தூக்கிக்கொண்டு போனார்கள். "அவர் இல்லீங்க" என்று நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை. குழந்தைகள் அழுத சத்தத்தில் விழுந்திருக்கவும் முடியாது.

இதை எழுதினால் அயிட்டேக்குச் சபையில் இடம் போய்விடலாம் என்று தெரியும். ஆகவே முதலில் அவர் வீட்டுக்குப் போய், எழுதப் போவதைச் சொன்னேன். அவர், "எழுது. நான் இல்லன்னு சொல்ல மாட்டேன். தாளம் தப்பா அடிச்சேன்னு மட்டும் எழுதிடாத" என்றார்.

ஓக்கோவின் கை தோலில் ஒரு முறைகூடப் படவில்லை. அடித்தவர் அயிட்டே. அடித்தது ஒரே ஓர் அடி. தாளம் தப்பவில்லை.

நான் கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் அன்றி இதில் வேறெதுவும் இல்லை. ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) ஷோர்மே லாம்ப்டே