மூணாவது மடிப்பு

இரும்பு சொல்லாம கொள்ளாம விழாது சார். அந்த விஷயத்துல மனுஷனை விட யோக்கியம். ரெண்டு பக்கமும் இறுக்கிக் கட்டின பீம்ல பாரம் ஏத்தினா, முதல்ல ரெண்டு முனையும் மடங்கும். அங்க பெயிண்ட் செதில் செதிலா உரியும். அதுக்கப்புறமும் தாங்கும். மூணாவதா நடுவுல மடங்கினாத்தான் மொத்தமா இறங்கும். பதினாறு வருஷமா பிளான்ட் இன்ஜினியர், இது எனக்குத் தெரியாம இல்ல.

எங்க ஷெட்டுக்குள்ள ஒரு இரும்பு மாடி. மேல டை, அதான் பிரஸ்ஸுல மாட்டற கனத்த இரும்பு அச்சு, அடுக்கியிருக்கும், கீழ பொம்பளைங்க பேக்கிங் பண்ணுவாங்க. ஆடியில புது டை வந்துச்சு, அதையும் மேலயே ஏத்தினாங்க. பேரிகையில இருந்து வர்ற மங்கம்மாதான் முதல்ல சொன்னது. "சார், சோத்துல பெயிண்ட் விழுது, கொஞ்சம் பாருங்க." ஏறிப் பாத்தேன். ரெண்டு முனையும் மடங்கியிருந்துச்சு.

முதலாளி திம்மப்பன் கிட்ட சொன்னேன். "டிஸ்பாட்ச் முடியட்டும்யா, லைனை நிறுத்தினா நீயும் நானும் ரோட்டுலதான்"னார். சோறு போடற கையைத் தட்டிவிட முடியுமா? நடுவுல இன்னும் தெம்பு இருந்துச்சு. உரிஞ்ச இடத்துல மறுபடி பெயிண்ட் அடிக்கச் சொன்னேன். ஜனங்க பயந்துட்டா கை ஓடாது.

அடுத்த வாரம் பேக்கிங் ரூம் கதவு மாட்டிக்கிச்சு. பீம் தொங்கி நிலையை அமுக்குது. ஆசாரியைக் கூப்பிட்டுக் கதவை இழைச்சுவிட்டேன். மழைக்கு மரம் ஊதிடுச்சுன்னு சொன்னேன். "கேட்டவுடனே செஞ்சு குடுக்கறாரு, தங்கமான மனுஷன்"னுச்சு மங்கம்மா. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு.

செவ்வாய்க்கிழமை நடுவுலயும் உரிஞ்சுச்சு. அதுக்கு நானே பெயிண்ட் அடிச்சேன், யார் கையிலயும் குடுக்கல. புதன்கிழமை காலையில இன்னொரு டை ஏத்தினாங்க. நான் வேண்டாம்னு சொல்லல. பதினொண்ணே காலுக்கு இறங்குச்சு. கீழ ஆறு பேர், மங்கம்மாவும் சேத்து.

ஹரிணியை எதுக்கு மாத்தினேன்னு கேக்கறீங்க. என் மக, டிப்ளமா முடிச்சுட்டு அந்த பேக்கிங் டேபிள்லதான் குவாலிட்டி பாத்துட்டிருந்தா. செவ்வாய் சாயங்காலமே ஆபீசுக்கு மாத்திட்டேன். "ஏன் சார் பாப்பாவை மட்டும்?"னு மங்கம்மா கேட்டுச்சு. தூசி ஒத்துக்கலைன்னேன். "எங்களுக்கு மட்டும் ஒத்துக்குதாக்கும்"னு சிரிச்சுச்சு.

அப்பவே சொல்லியிருக்கலாம்னுதான் எல்லாரும் சொல்றாங்க. ஆனா மத்தவங்களை மாத்தற அதிகாரம் எனக்கு எங்க சார் இருந்துச்சு.