வால்வில் கட்டிய சட்டை

14.10.2025, செவ்வாய்

வெள்ளிக்கிழமை செய்த ஒரு சிறிய பிழையை இன்றுதான் எழுதுகிறேன். அன்றே எழுதியிருக்க வேண்டும். அன்றன்றைய பிழையை அன்றன்றே குறித்துவைக்கச் சொன்னவர், அம்பத்தூர் மாலை வகுப்பில் எங்களுக்கு பிளம்பிங் சொல்லித்தரும் ஆக்னஸ் மிஸ். ஏழு மாதமாக, இந்த வெள்ளிக்கிழமை தவிர, நான் ஒரு நாள்கூட விட்டதில்லை.

மாங்காட்டில் உலகநாதன் சார் வீட்டு நீச்சல் குளத்தின் பழைய குழாய்களை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டுக்கொண்டிருந்தோம். தமிழ்வாணன் அண்ணன் மேஸ்திரி. நான் அவருக்குக் கீழே. மோட்டார் தண்ணீரை இழுக்கும் குழாய்கள் இரண்டு: ஒன்று குளத்தின் மேல் விளிம்பிலிருந்து, மற்றது அடியிலிருந்து. இரண்டுக்கும் தனித்தனி வால்வு. வடிகட்டிய தண்ணீர், சுவரிலுள்ள நான்கு வாய்கள் வழியாகக் குளத்துக்குத் திரும்பும். வெள்ளிக்கிழமை வால்வுகளில் 'மேல்', 'அடி' என்று அட்டை கட்டினேன். மாற்றிக் கட்டிவிட்டேன். சனிக்கிழமை காலையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

சொல்லியிருப்பேன். ஆனால் அதற்கு முந்தின வாரம் அண்ணன் என் பையிலிருந்து இந்த டைரியை எடுத்து, டீக்கடையில் எல்லோருக்கும் என் குரலிலேயே படித்துக் காட்டியிருந்தார். "இன்னா நைனா, தப்பையெல்லாம் எய்தி வச்சிகினு கீறே, கோயில்ல குடுத்து அர்ச்சனை பண்றதுக்கா?" டைல்ஸ் ஒட்டும் கோபிக்குச் சிரிப்பில் டீ மூக்கில் ஏறிவிட்டது. எனக்குக் கோபம் இல்லை. அண்ணன் தமாஷான மனிதர். ஒரு பிழையையாவது என்னிடமே வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

நேற்று, தண்ணீர் திரும்பும் வாய்களைச் சோதித்தோம். மோட்டார் ஓடும்போது ஒருவர் குளத்தில் இறங்கி, ஒவ்வொரு வாயிலும் கை வைத்து வேகம் பார்க்க வேண்டும். அடிக் குழாய் தொடங்கும் குழிக்குச் சல்லடை மூடி இன்னும் போடவில்லை; மோட்டார் ஓடும்போது அது கை காலை உள்ளே இழுத்துவிடும். ஆகவே அடி வால்வை மூடி, இறங்குகிறவர் தன் சட்டையைக் கழற்றி அதன் கைப்பிடியில் கட்டிவிட்டு இறங்குவார். சட்டை கட்டிய வால்வை வேறு யாரும் தொடக் கூடாது. அண்ணன் ஏற்படுத்திய வழக்கம் இது.

அவர் அட்டையைப் பார்த்து 'அடி' வால்வை மூடினார். உண்மையில் அது மேல் வால்வு. நீலக் கட்டம் போட்ட சட்டையை அதில் கட்டினார். சட்டையில் இரண்டாவது பொத்தான் இல்லை. அதைக் கவனிக்கும் அளவுக்கு எனக்கு நேரம் இருந்தது.

"இன்னா வாத்தியாரே, அட்டையெல்லாம் கரீட்டா கட்டிக்கீறியா?" என்று தண்ணீரில் நின்றபடி கேட்டார்.

"சரியா இருக்குண்ணே" என்றேன்.

மோட்டாரைப் போட்டேன். மூன்று வாய்களில் கை வைத்துப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். நான்காவதுக்குப் போகும் வழியில் காலில் ஏதோ இடறியது. நாங்கள் தவறவிட்ட ஸ்குருவாக இருக்கும். எடுக்க மூழ்கினார். அது குழியை ஒட்டிக் கிடந்திருக்க வேண்டும். கை தோள்வரை உள்ளே போய்விட்டது. மோட்டாரின் சத்தம் மாறியது. தண்ணீர் கிடைக்காத மோட்டார் அப்படித்தான் திணறும் என்று வகுப்பில் படித்திருக்கிறேன். கால்கள் மட்டும் மேலே வந்து அடித்தன. சுவிட்சு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. எண்ணினேன். இருநூறு போதும் என்று நினைத்தேன். சந்தேகமாக இருந்ததால் இன்னும் நாற்பது எண்ணிவிட்டு நிறுத்தினேன்.

பிறகு அட்டைகளைச் சரியாக மாற்றிக் கட்டினேன். சட்டையைத் தொடவில்லை. அதற்கப்புறம்தான் வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தேன்.

சட்டை தவறான வால்வில் இருந்ததை எல்லோரும் பார்த்தார்கள். பதினெட்டு வருட அனுபவம் உள்ளவர் இப்படி அசட்டையாக இருக்கலாமா என்றார் உலகநாதன் சார். இறந்தவரைக் குறை பேசுவது எனக்குப் பிடிக்காது. போலீஸார் போட்டோ எடுத்துக்கொண்டு சட்டையை என்னிடம் தந்தார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் அவர் மனைவி எல்லம்மா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீதானேப்பா கூட இருந்தே. கடைசியா இன்னா சொல்லிச்சு அது?"

"எல்லாம் சரியா இருக்கான்னு கேட்டாருக்கா" என்றேன். அவரிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை.

பிழை: அட்டை மாறியது.
திருத்தம்: மாற்றிக் கட்டியாயிற்று.
நாளை: அண்ணன் சட்டையைத் துவைத்து, இரண்டாவது பொத்தானைத் தைத்து, எல்லம்மா அக்காவிடம் கொடுக்க வேண்டும்.