கம்பி மாத்திட்டு வாரேன்

இல்லலா, நீங்க ஒக்காருங்க. கதவ மட்டும் சாத்தாதீங்க, ஹால்ல இருக்குற அத்தன கண்ணும் இங்கதான் இருக்கு. மாப்பிள்ளையும் பொண்ணும் தனியா கொஞ்ச நேரம் பேசட்டும்னு அனுப்பிட்டு, பலகாரத்துக்கு வச்ச கறிபாப்ப கையில வச்சிக்கிட்டு ஒருத்தரும் கடிக்காம இருக்காங்க. மெல்லுற சத்தத்துல நாம பேசறது கேக்காம போயிடுமாம்.

என்ன, சேலையக் கட்டிக்கிட்டு கிட்டார மடியில வச்சிருக்காளேன்னு பாக்குறீங்களா. நாளைக்குச் சாயந்தரம் காம்பார் டவுன்ல எங்க பேண்டோட ஷோ. புதுக் கம்பி நெகிழ்ந்துக்கிட்டே இருக்கும். இன்னிக்கே மாட்டி இழுத்து விட்டாத்தான் நாளைக்குச் சுருதி நிக்கும். அதனால நீங்க கேக்குறதக் கேளுங்க, கை வேலைய மட்டும் நான் விட முடியாது.

எந்தக் கம்பியா இருந்தா என்னவா. கேட்டுட்டீங்க, இனிமே ஒக்காந்து கேட்டுத்தான் ஆகணும்.

இங்க பாருங்க, கம்பிக்கு அடியில ரெண்டு கறுப்புப் பெட்டி. இதான் பிக்கப். கம்பி அதிர்றத வாங்கி ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்புறது இதுதான். சாதாரண பிக்கப்புக்கு பேட்டரி வேணாம். இது ஆக்டிவ் பிக்கப், பேட்டரி போடணும். சின்ன சத்தத்தத் தூக்கும், பெரிய சத்தத்த அமுக்கும், எல்லாத்தையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டாந்துரும். நாங்க வாசிக்கிற மெட்டல் பாட்டுக்கு அது நல்லதுதான். ஆனா கம்பி மந்தமா இருந்தா அந்த மந்தத்தையும் சேத்துத் தூக்கிக் குடுத்துரும். சுத்த நிக்கல் கம்பி இருக்கு, பழைய பாட்டுக்கு அழகா இருக்கும். இதுல மாட்டினா போர்வைக்குள்ள இருந்து பேசுற மாதிரிதான் கேக்கும். வெறும் ஸ்டீல் போட்டா பல்லு கூசும், அடியில இருக்குற உலோகக் கட்டையையும் தேச்சிரும். நான் மாட்டுறது ஸ்டீல் மேல நிக்கல் பூசினது. அதுலயும் தடிச்ச செட்டு. நாங்க சுருதிய ரொம்பக் கீழ எறக்குவோம், மெலிசா மாட்டினா கொடியில காயப்போட்ட துணி மாதிரி ஆடும். தெருக்கா, கேக்கவே மோசமா இருக்கும்.

ஈப்போல கடைக்காரரு தம்பிக்கா வாங்குறீங்கன்னு கேட்டாரு. எனக்குத் தம்பியே கெடையாது. எனக்குத்தான்னு சொன்னேன். அப்பவும் ஏழெட்டுப் பாக்கெட்ட எடுத்துப் போட்டு, தம்பிக்கு ஒரு போன் அடிச்சு எதுன்னு கேளுங்கங்குறாரு.

பீசிங்கா, வெறும் எரைச்சலா. இதுவா பீசிங்.

நீங்க உருமி அடிக்கிறவருதானே. எனக்குத் தெரியும், பாத்திருக்கேன். போன திருவிழாவுல, எங்க பழைய எஸ்டேட் கோயில்ல. ரப்பரும் போச்சு, நாங்க இருந்த லயமும் போச்சு, கோயில் மட்டும் செம்பனைத் தோட்டத்துக்கு நடுவுல நிக்குது. அங்க நீங்க அடிச்ச அடிக்கு என் நெஞ்செலும்பு ஆடுச்சு. நல்லாத்தான் அடிச்சீங்க, அதச் சொல்லணும். எங்கப்பா முன்னால நின்னு கையத் தட்டுறாரு. அதே ஆளு, நான் இந்த ரூம்ல ஹெட்போன் மாட்டிக்கிட்டு வாசிச்சாக்கூட காது வலிக்குதுங்குறாரு. வெறும் கம்பி டிக்கு டிக்குன்னு கேக்கும், அவ்வளவுதான். நீங்க அடிச்சா பக்தி, நான் வாசிச்சா பீசிங்.

சிரிக்காதீங்க.

நான் இவ்வளவு பேசறவளே இல்ல, அம்மாகிட்ட கேட்டுப் பாருங்க. காலேஜ்ல முன்னால நின்னு பேசச் சொன்னா எனக்குக் காய்ச்சல் வந்துரும். மேடையிலகூட ஆளுங்களப் பாக்க மாட்டேன், டிரம்ஸ் அடிக்கிற ஸைஃபுல் பக்கமாத் திரும்பிக்கிட்டுத்தான் வாசிப்பேன். முதுகக் காட்டிக்கிட்டு ஒரு பொண்ணு வாசிக்குதுன்னு பேரே வாங்கியாச்சு. இன்னிக்கு என்னமோ வாய் நிக்க மாட்டேங்குது.

வாரேம்மா. கம்பி மாத்திட்டு வாரேன். ஆமா, பேசிக்கிட்டுத்தான் இருக்கோம்.

அந்த மேசை மேல கட்டர் இருக்கு பாருங்க, கொஞ்சம் எடுத்துத் தாங்க. நுனியெல்லாம் நீட்டிக்கிட்டு நிக்குது, வெட்டணும்.

இல்லலா, பழைய கம்பி தேயல. போன வாரந்தான் மாட்டுனேன். இன்னிக்குக் காலையில நான் குளிக்கப் போன நேரத்துல அப்பா வெட்டிட்டாரு. ஆறையும். இந்தா, உங்க கையில இருக்கே, இந்தக் கட்டராலதான். ஒண்ணொண்ணாத் தளர்த்தி எடுக்கணும்னு அவருக்கு எங்க தெரியும், இறுக்கி இருந்தத அப்படியே வெட்டியிருக்காரு. கிட்டாரோட கழுத்து வளைஞ்சிருச்சோன்னு தூக்கி ஒரு கண்ண மூடிப் பாத்தேன். ஏம்ப்பான்னு கேட்டா, மாப்பிள்ளைக்கு இதெல்லாம் புடிக்காதாம், வீட்டுக்கு வாரப்போ அது கண்ணுல படக்கூடாதாம், கல்யாணத்துக்கு அப்புறம் அந்தப் பேச்சே கூடாதாம். சம்பந்தம் பேச வந்த மங்களம் ஆண்டிகிட்ட நீங்களே சொல்லி அனுப்புனீங்களாம்.

சும்மா சொன்னீங்களா.

அங்க உங்க ஊரு பத்து காஜாவுல ஒக்காந்து நீங்க சும்மா சொன்னீங்க. எங்கப்பா அதக் கேட்டுட்டு மகளோட ரூமுக்குள்ள கட்டர எடுத்துக்கிட்டு வந்திருக்காரு. என்கிட்ட ஒரு வார்த்த கேட்டாரா. நீங்கதான் கேட்டீங்களா.

மன்னிப்பெல்லாம் வேணாம், அத வச்சு நான் என்ன செய்யிறது. ஒரே ஒரு உதவி செய்யுங்க. நான் மாட்டேன்னு சொன்னா எங்கப்பா என்னத் திட்ட மாட்டாரு, அம்மாவத்தான் வாட்டுவாரு. அதனால நீங்களே போயி பொண்ணு புடிக்கலன்னு சொல்லிடுங்க. ஒசரம் பத்தலன்னு சொல்லுங்க, கலர் கம்மின்னு சொல்லுங்க. மாப்பிள்ளை வீடு சொன்னா இங்க யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க.

போறீங்களா, சரி. கதவுக்குப் பக்கத்துல சுவத்துல ஒரு சுவிட்ச் இருக்கு பாருங்க, அது ஆம்ப்ளிஃபையருக்கு, இன்னிக்கு ஹெட்போன் மாட்டப் போறதில்ல. தட்டிவிட்டுட்டுப் போங்க.