மச்சானுக்குத் துணையாக ஓடியவன்

நான் ஸ்டேஷனுக்கு வந்து உட்கார்ந்து, தினமும் ஏரிக்கரையில் ஓடுகிறவன் என்று சொன்னதும், ஓடுவது போரடிக்காதா என்று கேட்டீர்கள். உங்களையும் டாக்டர் காலையில் ஓடச் சொல்லியிருக்கிறார், போர்வையை விட்டு எழுந்திருக்கத்தான் மனசு வரவில்லை என்றும் சொன்னீர்கள். உள்ளதைச் சொல்கிறேன் சார். போரடிக்கும். அதைப் போல் சலிப்பான காரியம் இன்னொன்று கிடையாது. புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வதற்கு இத்தனை மூச்சு வாங்க வேண்டுமா என்று தோன்றும். ஏரியைச் சுற்றி ஓடினால் முதலில் சிமெண்டு பெஞ்சு வரும், அப்புறம் பம்ப் அறை, அப்புறம் வேலியோரம் நாலைந்து மரங்கள். அடுத்த சுற்றிலும் அதே பெஞ்சு, அதே பம்ப் அறை. ஒரு நாளாவது மாறி வரக்கூடாதா என்று எனக்குக் கோபம்கூட வந்திருக்கிறது.

என் மச்சானுக்கு அப்படி இல்லை. அவருக்கு ஓடுவது என்றால் உயிர். நான் இங்கே வந்தது அவரைப் பற்றிச் சொல்லத்தான்.

என் மனைவியின் அண்ணன் அவர். டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தார், கடை என்றுதான் சொல்லுவோம். நானும் அங்கேதான் வேலை பார்க்கிறேன். கற்றுக்கொள்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். என் காலுக்குக் கீழேயும் தனியாக ஒரு பிரேக் உண்டு. அவர்கள் தடுமாறினால் நான் மிதிக்க வேண்டும். பல வருஷமாக அடுத்தவர் ஓட்டுகிற வண்டியை நிறுத்துவதுதான் என் பிழைப்பு. முன்பிருந்த வேலை போய் நான் வீட்டில் சும்மா கிடந்தபோது, "நம்ம கடை இருக்கும்போது உங்களுக்கு என்ன கவலை மாப்பிள்ளை" என்று கூப்பிட்டு உட்கார வைத்தவர் அவர். அதைப் பிறகு ஒரு தடவைகூட அவர் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

காலையில் ஓட அவருக்குத் துணை வேண்டும். தனியாக ஓடினால் யாரோடு பேசுவது? எனக்கு முன்னால் போய், திரும்பி நின்று, பின்பக்கமாக ஓடிக்கொண்டே கதை சொல்லுவார். எதிரே வருகிற ஆட்களுக்கு வணக்கம், நாய்களுக்கு நலம் விசாரிப்பு. "என்ன மாப்பிள்ளை, வாத்தியார் முட்டி போடச் சொன்ன மாதிரியே மூஞ்சியை வச்சிருக்கீங்க? கொஞ்சம் சிரிச்சுக்கிட்டே ஓடுங்க, காலுக்கு வலி தெரியாது" என்பார். ஏரிக்கரையில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. என்னை யாருக்கும் தெரியாது. ஒரு நாள் அவர் வராதபோது, எதிரே வந்த ஒருவர் என்னைப் பார்த்து, "நீங்க அவர்கூட ஓடுறவர்தானே, அவர் எங்கே" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. கடையிலும் அப்படித்தான், வீட்டிலும் அப்படித்தான்.

நான் அவரை வெறுத்தேன் என்று எழுதிவிடாதீர்கள். வெறுக்கிற மாதிரி அவர் எனக்கு எதுவும் செய்யவில்லை.

அன்றைக்கு நல்ல பனி. பெஞ்சில் உட்கார்ந்தால் பம்ப் அறை தெரியாது. மச்சான் வழக்கத்துக்கு மாறாக எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார். பேச்சும் குறைவாக இருந்தது. பம்ப் அறையைத் தாண்டியதும், "மாப்பிள்ளை" என்று ஒரு குரல். எப்போதும் கூப்பிடுகிற மாதிரிதான் இருந்தது. இரண்டாவது முறை கூப்பிட்டபோது பாதியில் நின்றுவிட்டது.

திரும்பிப் பார்த்தேன். அவர் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். ஒரு கை நெஞ்சில் இருந்தது. இன்னொரு கையைத் தூக்கி என்னைக் கூப்பிட்டார். நானும் கையைத் தூக்கி ஆட்டினேன். பிறகு திரும்பி, ஓட ஆரம்பித்தேன்.

ஏன் என்று கேட்பீர்கள். காலடிச் சத்தம் என்னுடையது மட்டும்தான் கேட்டது. மூச்சு ஒரு சீராக வந்தது. தண்ணீர் மேல் பனி நகர்ந்துகொண்டிருந்தது, இத்தனை நாள் ஓடியும் அதை நான் பார்த்ததே இல்லை. யாரும் என்னோடு பேசவில்லை. முதல் தடவையாக ஓடுவது எனக்குப் பிடித்திருந்தது. இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் உள்ளதைச் சொல்லத்தானே வந்திருக்கிறேன். வேகமாக ஓடினேன் என்றும் சொல்ல முடியாது. நிதானமாகத்தான் ஓடினேன்.

முழுச் சுற்று முடித்து அங்கே வந்தபோது, நாயைக் கூட்டி வந்த ஒரு பெண் அவர் பக்கத்தில் மண்டியிட்டிருந்தார். "ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன். பாவம், இவர்கூட யாரும் வரலையா?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றேன்.

ஆம்புலன்ஸ் வந்தபோது அவருக்கு உயிர் இல்லை. முன்னாலேயே போயிருக்கும் என்றார்கள். எவ்வளவு முன்னால் என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

நீங்கள் பேனாவை மூடுகிறீர்கள். பதற்றத்தில் மனிதன் என்னவோ செய்வான், இதற்கெல்லாம் வழக்கு கிடையாது என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள் சார். இன்னும் இருக்கிறது.

அதற்கு ஒரு மாதம் முன்னால் அவருக்கு நெஞ்சு ஓரமாக ஒரு பிடிப்பு வந்தது. டெஸ்ட் எல்லாம் எடுத்தார்கள். முடிவைக் கேட்க வேண்டிய நாளில் கடையில் புதிதாக ஆட்கள் சேர வந்திருந்தார்கள். "நீங்க போய்க் கேட்டுட்டு வந்துடுங்க மாப்பிள்ளை. எனக்கு ஆஸ்பத்திரி வாசனையே ஆகாது. ஓடக்கூடாதுன்னு மட்டும் சொல்லிடப் போறாங்க" என்று என்னை அனுப்பினார்.

டாக்டர் பொறுமையான பெண்மணி. படம் போட்டே காட்டினார். ஒரு ரத்தக்குழாய் ரொம்பச் சுருங்கியிருக்கிறது, உடனே சேர்ந்து சரிசெய்துகொள்ள வேண்டும், அதுவரை வீட்டுக்குள் மெதுவாக நடந்தால் போதும், ஓடவே கூடாது என்றார். "நானே அவருக்குப் போன் பண்ணிச் சொல்லட்டுமா?" என்றும் கேட்டார். "வேண்டாம் டாக்டர், அவர் பயந்துடுவார். நான் பக்குவமா எடுத்துச் சொல்றேன், நாளைக்கே கூட்டிட்டு வர்றேன்" என்றேன்.

கடைக்குத் திரும்பியபோது மச்சான் வாசலிலேயே நின்றிருந்தார். பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் இல்லையாம். வெறும் வாயுப் பிடிப்பாம். தாராளமா ஓடலாம்னாங்க. இன்னும் ரெண்டு சுற்று கூட்டினாலும் நல்லதுதானாம்."

என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார் சார். அந்த சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். மறுநாள் காலையில் அவர் இரண்டு சுற்று கூடுதலாக ஓடினார். நானும் கூடவே ஓடினேன். ஆஸ்பத்திரியிலிருந்து கடைக்குப் போன் வந்தது. நான்தான் எடுத்தேன். வேறு டாக்டரிடம் காட்டுகிறோம் என்று சொல்லி வைத்தேன்.

சாவு வீட்டுக்கு அந்த டாக்டர் வந்திருந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவர்கிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டார். "சொன்னேன் டாக்டர். எவ்வளவோ சொன்னேன். கேட்கலை" என்றேன். அழுதுகொண்டேதான் சொன்னேன். அந்த அழுகை பொய்யில்லை.

அது மச்சானின் மனைவி காதில் விழுந்துவிட்டது. நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அன்றிலிருந்து தினமும் விளக்கேற்றிவிட்டு மச்சானின் படத்தின் முன்னால் நின்று திட்டுகிறார். "டாக்டர் சொல்லியும் கேட்கலை, கூடப்பிறந்தவன் மாதிரி இருக்கிற மனுஷன் சொல்லியும் கேட்கலை. எங்களைவிட ஓட்டம்தான் பெருசாப் போச்சா உங்களுக்கு?" நான் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். படத்தில் அவர் சிரித்துக்கொண்டிருக்கிறார். திட்டி முடித்ததும் அக்கா எனக்கு டீ கொண்டுவந்து தருவார். அதை அப்படியே ஆற வைத்துவிட்டு எழுந்துவிடுகிறேன். என் மனைவி சாப்பிடச் சொல்லிக் கெஞ்சுகிறாள். அண்ணனை நினைத்து நான் இளைத்துப் போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

செத்தவர் மேல் பழி போட்டது தப்பு. அதற்காகத்தான் வந்தேன். அவர் சொல்லியும் கேட்காதவர் இல்லை. யாரும் அவரிடம் சொல்லவில்லை. அக்காவிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் பக்குவமாகச் சொல்கிற ஆள் இல்லை என்பதுதான் உங்களுக்கே தெரிந்துவிட்டதே.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போட்டுவிடுகிறேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். முடிந்தால் என்னைக் காலைக்குள் ஒரு தடவை வெளியே விடுங்கள். அக்காவுக்கு ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது. நேற்று அவருக்குப் பதிலாக நான் போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். தாராளமாக ஓடலாமாம் என்றேன், அக்கா காலையில் ஏரிக்கரைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு ஓடிப் பழக்கம் இல்லை சார். கூடவே போய்ப் பார்த்துக்கொள்ள என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?